ஏழே முக்கால் வண்டி

நயினார்கோவிலிலிருந்து ராமநாதபுரம் போகும் காலை ஏழே முக்கால் வண்டி எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் நிற்க வேண்டும். அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நிற்காது. கூட்டமாக வந்தாலும் நிற்காது, பாதி சீட் காலியாக வந்தாலும் நிற்காது. விலக்கில் நிற்பது கூடையும் சாக்குமாக இருக்கும் பொம்பளைகள் என்பது டிரைவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

நான் அப்போது ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வாரத்தில் மூன்று நாளாவது தாமதம், திட்டு. பக்கத்து வீட்டு அக்கா, களையெடுப்பு இல்லாத நாட்களில் மிளகாயும் கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவார். அடுத்த வண்டியில் போனால் மார்க்கெட் கலைந்திருக்கும்.

ஒரு நாள் வண்டி விலக்கைத் தாண்டிப்போய் வேகத்தைக் குறைத்தது. நிற்கிறது என்று நம்பி ஓடினோம். அக்கா கம்பியைப் பிடித்ததும் கிளம்பிவிட்டது. கூடையோடு விழுந்தார். படியில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார். அந்த விசிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது.

அந்த வாரமே மனு அடித்து, வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அக்காவும் டெப்போவுக்கு வந்தார். மேலாளர் மனுவைப் பிரிக்கவேயில்லை.

"உங்க ஊர்ல தினமும் வண்டி நிக்கிதுன்னு கண்டக்டர் எழுதிக் குடுக்குறாரேம்மா."

"நின்னா நாங்க எதுக்கு சார் இங்கன வாரோம்?" என்றேன்.

"ஓடுற வண்டியில ஏறுனது உங்க தப்பு."

"நிக்காத வண்டியில ஓடித்தானய்யா ஏறணும்?" என்றார் அக்கா.

மேலாளர் சிரித்தார். முறிந்த கையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

அதன்பின் மூன்று மனு. கலெக்டர் ஆபீசில் ஒரு திங்கட்கிழமை முழுவதும் வரிசையில் நின்றோம். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தது. வண்டி நிற்கவில்லை.

"ஏத்தா, எழுதுனது போதும். நடு ரோட்டுல நிப்போம். ஏத்திக் கொல்லட்டும்," என்றார் அக்கா.

மறுநாள் எட்டுப் பேர் குறுக்கே நின்றோம். கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "சாகவா வந்திருக்கீக?" என்று கத்தினார்.

"மார்க்கெட்டுக்குப் போறோம். கதவத் தொற," என்றார் அக்கா.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். தினமும் இரண்டு பேர் ரோட்டின் நடுவே. மற்றவர்கள் ஏறிய பிறகு அவர்கள் ஏறுவார்கள். என் முறை வரும்போது பயம்தான். ஆனால் பயத்தைவிட அவமானம்தான் பெரிது. டிக்கெட் வாங்கிப் போகிற பஸ்ஸில் ஏற உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, வண்டி வருமுன் மேலாளர் விலக்கில் ஜீப்பில் வந்து இறங்கினார். வண்டியை மறிப்பது குற்றம், போலீசில் சொல்ல வேண்டிவரும் என்றார்.

"இன்னைக்கு மறிக்கல சார். எங்களோட ஓரமா நின்னு பாருங்க," என்றேன்.

நின்றார். வண்டி தெரிந்ததும் நாங்கள் கை காட்டினோம். அவரும் காட்டினார். புழுதியை எங்கள் மேல் வாரிப் போட்டுவிட்டு, அவரையும் தாண்டி அது போயே போய்விட்டது. நீட்டிய கையை இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் வண்டி தானாக நின்றது. மனுக்களில் இல்லாத எதையும் மேலாளர் புதிதாகப் பார்த்துவிடவில்லை. வண்டி அவரையே தாண்டிப் போனது, அவ்வளவுதான். கண்டக்டர் ஒரு வார்த்தைகூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

அடுத்த வாரம் ஊராட்சித் தலைவர் விலக்கில் பந்தல் போட்டு, மேலாளருக்குப் பொன்னாடை போர்த்த அக்காவைக் கூப்பிட்டார்.

"எதுக்கு? நிக்க வேண்டிய எடத்துல நின்னதுக்கா?" என்று அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார். தலைவரே போர்த்தினார். மேலாளருக்கு நன்றி சொல்லிப் பேசவும் தொடங்கினார். பேச்சு முடிவதற்குள் ஏழே முக்கால் வண்டி வந்து நின்றது. நாங்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டோம்.