அந்த முக்கால் நொடி

போன செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பி காரை எடுக்கப் போனால், வலது பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையில் கிடக்கின்றன. யாரும் திருடவில்லை. பயிற்சிக்கு வேண்டும் என்று கேட்டார்கள், நானே கொடுத்தேன். ஒரு நாள் சமாச்சாரம் என்று நினைத்தேன்... அந்த வாரம் முழுக்க பஸ்ஸில்தான் போனேன்.

கேட்டவள் ஸ்டெல்லா. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனையில் அவளும் கணவர் ஆண்டனியும் டயர் கடை நடத்துகிறார்கள். முப்பத்து நாலு வயது. அவள் கிளம்பியது எதற்குத் தெரியுமா? சர்வதேச கார் ரேஸுக்கு!

ஓட்ட அல்ல — சக்கரம் மாட்ட. கோடிக்கணக்கில் விலை போகும் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒரே ஒரு மணி நேரம் விரட்டிக்கொண்டு ஓடும் பந்தயம் அது. ஒரு காருக்கு இரண்டு டிரைவர்கள். பாதியில் கார் உள்ளே வந்து நிற்கும். ஒருவர் இறங்கி மற்றவர் ஏறுவதற்குள் நாலு டயரையும் மாற்றியாக வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் நடக்கப்போகும் ரேஸுக்கு வெளிநாட்டு டீம் ஒன்று இங்கே ஆள் தேடியது. ஸ்டெல்லா விண்ணப்பித்தாள். முதல் சுற்றில் தேறியும் விட்டாள்.

சனிக்கிழமை கடைசிச் சுற்று. ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களையும் இருபது நொடிக்குள் கழற்றி, புதுசு மாட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. ஒரு தடவையாவது இருபதுக்குள் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

ரேஸ் காரின் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். அதனால் என் காரிலும் சக்கரத்துக்கு ஒரு போல்ட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றிவிட்டாள். கடை திறக்கும் முன் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி. டைம் பார்ப்பது நான்.

இருபத்தொன்றரை. மறுபடியும் இருபத்தொன்றரை. எங்கே போகிறது அந்த ஒன்றரை நொடி?

இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். ஏர் கன்னால் நட்டை முறுக்கியதும், ஸ்டெல்லா சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவாள். ஆடுகிறதா என்று பார்ப்பாளாம். கடையில் பதினொரு வருடப் பழக்கம். சக்கரத்துக்கு முக்கால் நொடி. முதல் சுற்றிலேயே அந்த டீமின் மேனேஜர் சொல்லியிருக்கிறார் — கன் சத்தத்திலேயே தெரிந்துவிடும், கை வைக்காதே என்று.

‘அப்புறம் ஏன் வைக்கிறாய்?’ என்று கத்தினேன். எனக்குப் பொறுமை கம்மி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். டயரில் மிளகாய்ப் பொடி தடவி வைக்கிறேன், அப்போதுதான் நீ தொடமாட்டாய் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள். கை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு தொடாமல் மாட்டினாள். இருபதுக்குக் கொஞ்சம் கீழே! நான் கைதட்டினேன். அவள் கழற்றிய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் சந்தோஷமே இல்லை.

“டைம் வந்துடுச்சுக்கா. ஆனா சக்கரம் ஒக்காந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரியல. இது ஆவாதுக்கா, நான் தொட்டுத்தான் பாப்பேன்.”

எனக்குக் கோபம் வந்தது. வாசல்வரை வந்த வாய்ப்பை ஒரு பழக்கத்துக்காக விடுவதா? பிடிவாதம் என்றேன். ஆண்டனியும் என் கட்சிதான். அவள் எங்கள் இருவரிடமும் வாதாடவில்லை. உள்ளே போய் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தாள்.

காரின் ஓரமாகத் தன் கால் விழுகிற இடத்தையெல்லாம் புள்ளி வைத்தாள். ஒன்பது புள்ளி. பழைய சக்கரத்தைக் கீழே கிடத்த இரண்டு அடி நடக்கிறாள். இடுப்பைத் திருப்பினால் போதாதா? கன்னின் குழாயைத் தாண்டித் தாண்டிப் போகிறாள். தோள் மேல் போட்டுக்கொண்டால்? புதுச் சக்கரத்தை எழுந்து போய் எடுக்கிறாள். முழங்கால் பக்கத்திலேயே சாய்த்து வைத்தால்?

வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஒன்பது புள்ளி ஆறாகியிருந்தது. உலுக்கல் மட்டும் அப்படியே இருந்தது. டைம் இருபதேகால். முழங்கால் இரண்டும் தேய்ந்து சிவந்திருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன் — அபூர்வமாக நடப்பது.

சனிக்கிழமை ஆண்டனியும் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வந்தார். ஊருக்கு வெளியே பெரிய ஒர்க்‌ஷாப். வந்திருந்த நாலு பேரில் இவள் ஒருத்திதான் பெண். இரண்டு பையன்கள் பதினெட்டு நொடியிலேயே முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு முதல் தடவை இருபதரை. இரண்டாவது, இருபதைத் தாண்டி ஒரு துளி. இந்த ஒரு தடவை தொடாதே என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை.

மூன்றாவது தடவை முன்சக்கரத்தை மாட்டினாள். உலுக்கினாள். பின்சக்கரம். அதையும் உலுக்கினாள். கையைத் தூக்கினாள்.

மேனேஜர் ஓசூர்க்காரர். ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“கை வெக்காதீங்கன்னு சொன்னேனே?”

ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

“நீங்க கேட்டது இருபது செகண்ட் சார். அதுக்குள்ளதான் தொட்டேன்.”

பத்தொன்பதே முக்கால்!

அவர் அவளுக்கு டீம் கையுறை என்ன சைஸ் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆண்டனி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வேகமாக வேண்டுமென்றால் முதலில் எதைத் தூக்கி எறிகிறோம்? சரிபார்ப்பதைத்தான். நானும் அதைத்தானே சொன்னேன்? ஸ்டெல்லாவோ தன் கால், இடுப்பு, முழங்கால் எல்லாவற்றிலும் பிடித்தம் செய்தாள். சரிபார்ப்பதில் மட்டும் கை வைக்கவில்லை. என் அவசர புத்தியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ரேஸ். டிவியில் எல்லோரும் டிரைவர்களைப் பார்ப்பார்கள். பாருங்கள், தப்பில்லை... அவர்கள் ஸ்டெல்லாவை நம்பித்தான் காரில் உட்கார்ந்திருப்பார்கள்.