விருந்தாளிகளுக்கு மாலை ஆட்டம்

1. கூட்டம்

கல்லூரிக் கால்பந்தில் தேசிய சாம்பியன் யார் என்பது எங்கோ ஒரு பெரிய ஸ்டேடியத்தில் கடைசி விசிலோடு முடிவாகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாதி முடிவு அதற்கு வெகு முன்பே, எந்த ஆட்டம் எப்போது என்று ஃபிக்ஸ்சர் போடும் அறையில் ஆகிவிடுகிறது. விருத்தாசலத்தில் அப்படி ஆனபோது நானும் அந்த அறையில் இருந்தேன். அப்போது நான் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். எல்லோருக்கும் பி.டி. சார்.

அந்த வருஷம் நான்கு கல்லூரிகள் ஆடும் லீக்கை நடத்தும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். முதலிடம் பிடிக்கும் ஒரே அணி அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் செய்தால் ஒன்று. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்து யாருக்கு மிச்சம் அதிகமோ அவர்கள் முன்னால். அதுவும் சமமானால்தான் இருவரும் நேருக்கு நேர் ஆடியதில் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. யாரும் கேட்கவில்லை.

கடைசி நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும், இன்னொரு மைதானம் கேட்டு வாங்கலாம் என்றேன். பிரின்சிபாலுக்கு அது பிடிக்கவில்லை.

"ரெண்டு எடத்துல சீஃப் கெஸ்ட்ட எப்பிடி ஒக்கார வெப்பீங்க? நம்ம பசங்க மூணு மணிக்கு ஆடட்டும். வெளியூருகாரங்க ரெண்டு டீமும் மோதுறது வெயில் தாழ நடக்கட்டும். வந்தவங்கள வெயில்ல போட்டு வாட்டிட்டு நாம நெழல்ல ஆடினா, நாளைக்கு நம்ம ஊர என்னா பேசுவாங்க?"

"பின்னாடி ஆடுறவங்களுக்கு எத்தினி கோலு வேணும்னு முன்னாடியே தெரிஞ்சிடுங்க சார்."

"தெரிஞ்சா போதுமா பி.டி. சார், அடிக்கத் தெரிய வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளூர் அணி வெயிலில் ஆடி விருந்தாளிக்கு மாலையை விட்டுக்கொடுப்பது எங்கள் மைதானத்தின் பழைய வழக்கம். அதை மினிட்ஸில் பெருமையாகவே எழுதினார்கள்.

2. நாலாவது கோல்

எங்கள் கேப்டன் குமரேசன், சென்டர் ஹாஃப், மூன்றாம் ஆண்டு. அவனுடைய அப்பா பீங்கான் கம்பெனியில் கல்லை மாவாக அரைக்கும் பகுதியில் வேலை செய்தார். அந்தத் தூசியால் பத்தடி நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கும். அகில இந்தியப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனு போடலாம். அவன் கேட்டது அது ஒன்றைத்தான்.

"லீவுக்கு லீவு நானும் அந்த கம்பெனி கேட்டுக்குள்ள வேலைக்கிப் போயிட்டுதான் வரேன் சார். நெரந்தரமா போவக் கூடாது. அவ்ளோதான்."

முதல் ஆட்டம் தெற்கேயிருந்து ரயிலில் வந்த கல்லூரியோடு. மூன்று கோல் அடித்துவிட்டோம். அவர்களுடைய கோல்கீப்பர் உதடு கிழிந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான். கடைசி நிமிஷத்தில் குமரேசன் காலுக்குப் பந்து வந்தது. கீப்பர் ஒதுங்கி உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கோல் காலியாகக் கிடந்தது. அவன் பந்தை மெதுவாகக் கீப்பர் பக்கமே உருட்டிவிட்டான். ஜனம் கைதட்டியது.

இரண்டாவது ஆட்டத்தில் கடலோரக் கல்லூரியை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அவர்கள்தான் எங்களுக்குச் சரியான போட்டி. இனி மீதமிருந்த மலையடிக் கல்லூரியோடு சமன் செய்தாலே முதலிடம்.

3. மூன்று விரல்

கடைசி நாள் மூன்று மணிக்குத் தரை கொதித்தது. இரண்டாம் பாதியில் எங்கள் தடுப்பாட்டக்காரர் இருவருக்கும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு கோல் வாங்கித் தோற்றோம்.

என் கணக்கு இது. எங்களுக்கு ஆறு புள்ளி, கோல் வித்தியாசம் மூன்று. மலையடியை இரண்டு கோலில் ஜெயித்து எங்களிடம் தோற்ற கடலோரக் கல்லூரிக்கு மூன்று புள்ளி, வித்தியாசம் ஒன்று. தெற்கோடு சமன் செய்திருந்த மலையடிக்கு நான்கு புள்ளிதான். அடுத்து அவர்கள் தெற்குக் கல்லூரியை மூன்று கோலில் ஜெயித்தால் அவர்களுக்கும் ஆறு புள்ளி, வித்தியாசம் நான்கு. இந்தக் கணக்கை நான் மட்டும் போடவில்லை. ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் கோச் பையன்களைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

தெற்குக் கல்லூரியின் பைகள் கோட்டோரம் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர்களில் மூன்று நல்ல ஆட்டக்காரர்கள் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் மேனேஜரிடம் போனேன்.

"முழு டீம எறக்குங்க சார்."

"எதுக்கு சார்? நாங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் போறது வூட்டுக்குத்தான். விசில் அடிச்சதும் ஸ்டேஷனுக்கு ஓடணும். இந்த ட்ரெயின வுட்டா பசங்க ஜங்ஷன்லதான் படுத்துக் கெடக்கணும். நேரத்தப் போட்டது நீங்கதான?"

காசு வாங்கியவர் பேச்சு அல்ல அது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

இரண்டு கோல் இடைவேளைக்கு முன்பே விழுந்தது. மூன்றாவது கோல் விழுந்தபோது தெற்குப் பையன் ஒருவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். அதன்பின் கடலோரக் கல்லூரி நாலாவதைத் தேடவே இல்லை. பந்தை மூலையில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டினார்கள்.

குமரேசன் என் பக்கத்தில் நின்றான். உடம்பெல்லாம் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"அன்னிக்கி அந்த நாலாவத அடிச்சிருந்தா சமமாயிருக்கும் சார். நேருக்கு நேர் ஜெயிச்சது நாமதான்."

"நீ நாலு அடிச்சிருந்தா அவரு நாலு வெரலு காட்டியிருப்பாருப்பா."

அவன் கையில் காய்ந்த உப்பைச் சுரண்டினான். பிறகு, "அப்ப நாங்க என்னா ஆடியும் ஒண்ணும் இல்ல. அப்பிடித்தான சார்?" என்றான்.

4. முறையீடு

அன்றே எழுத்தில் முறையீடு கொடுத்தேன். எங்களுக்கு லீக்கைக் கொடுத்திருந்த போட்டிக் குழுவின் மேற்பார்வையாளர் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"யாரு தப்பு பண்ணாங்கன்னு ஒரு பேரு சொல்லுங்க சார்."

எனக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. பிரின்சிபால் மரியாதை காட்டினார், மேனேஜர் ரயிலைப் பார்த்தார், கோச் கணக்குப் போட்டார். குற்றவாளி இல்லாத அநியாயத்துக்கு முறையீட்டில் இடமில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குழுவுக்குத் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். புள்ளி சமமானால் முதலில் நேருக்கு நேர் ஆடியதைப் பார்க்க வேண்டும். போட்டியை நடத்தும் கல்லூரி நேரம் குறிக்கக் கூடாது. மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் குமரேசனைப் பார்த்தேன். முழங்கை வரை வெள்ளை மாவு.

"ரூல மாத்திட்டாங்களாமே சார். பசங்க சொன்னானுங்க."

"அடுத்த வருஷத்துலேருந்துப்பா."

"நல்லது சார். ஜூனியருக்கு ஒதவும்."

"அப்பா எப்பிடி இருக்காரு?"

"வூட்லதான் இருக்காரு. வேலைக்கிப் போவ முடியல. அவரு எடத்துலதான் என்னப் போட்டிருக்காங்க."

பஸ் வந்தது. போயிட்டு வரேன் சார் என்று ஏறிக்கொண்டான்.

இன்று போட்டி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃபிக்ஸ்சர் போட்டு முடித்ததும், களத்தில் இறங்கும்போது எந்த அணிக்கு என்ன தெரிந்திருக்கும் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கேட்டுப் பாருங்கள். ஓர் அணிக்குத் தெரிந்தது இன்னோர் அணிக்குத் தெரியாதென்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். விருந்தாளிக்கு மரியாதையைச் சாப்பாட்டில் காட்டலாம். ஆட்ட நேரத்தில் காட்டினால் அது யாரோ ஒரு பையன் தலையில் விடிகிறது.