மூன்று கட்டங்களும் ஒரு பரவால்லையும்

பிரான்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலை வேளைகள் எனக்குத் திகிலாக இருந்தன. பாரிசுக்கு வெளியே ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. குளிர்கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் நாலு பேராவது என்னைப் பார்த்து “ஸ வா?” என்று கேட்டுவிடுவார்கள். சுகமா என்று அர்த்தம். காரைக்கால் பள்ளிக்கூடத்திலேயே படித்த பிரெஞ்சுதான். ஆனாலும் அரைத் தூக்கத்தில் அது என் காதில் “சாவா?” என்றுதான் விழும். கேட்டவர் பதிலுக்கு நிற்கமாட்டார். நாமும் அதே “ஸ வா”வைத் திருப்பிச் சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். உடம்பு நன்றாக இருந்தாலும் அதே பதில், முதுகு ஒடிந்தாலும் அதே பதில். கேள்வியும் பதிலும் ஒரே சொல்லாக இருக்கும் ஊரில் யாருக்கு யாரைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதி நக்கலடித்திருக்கிறேன். அந்த நக்கலுக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களும் படியுங்கள், என்னைப் போல வந்து ஒட்டிக்கொண்டவர்களும் படியுங்கள்.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் பிடித்துக்கொண்டதால் எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வந்து, படித்து, ஆய்வுக்கூட உதவியாளன் ஆனேன். எலிகளுக்குப் புது மருந்துகளை ஊசியில் ஏற்றி, கட்டி எவ்வளவு சுருங்கியது என்று அளந்து எழுதுவது என் வேலை. அவற்றில் ஒரு மருந்துக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, ஓர் எழுத்தும் சில எண்களும்தான். அது எலிகளிடம் நன்றாகக் கேட்டது. இரண்டே வாரத்தில் கட்டி கையில் தட்டுப்படாமல் போன எலிகளை நானே தூக்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் காட்டினேன். அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, என் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோலப் பூரித்துப்போனேன்.

அப்படிக் கொடுக்கப்பட்டவர்களில் ஒருவர் மரகதம் அம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் சொல்தாவாக இருந்து இறந்துபோனவர். மகனும் பட்டாளத்தில்தான், தெற்கே எங்கோ ஒரு முகாமில். தாயை வைத்தியத்துக்கு அழைத்துவந்து சேர்த்துவிட்டு, விடுப்பு கிடைக்கும்போது மட்டும் வந்து போவான். அந்த அம்மாளின் மொழி தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று வார்டு டாக்டரம்மா விசாரித்து, என்னைக் கண்டுபிடித்தார். வெள்ளைக் கோட்டோடு கட்டில் அருகே போய் நின்றேன்.

“தம்பி எந்த ஊரு?”

“காரைக்கால்ங்க. டவுன்லயேதான்.”

“நான் நெரவி. அப்ப பாலத்தத் தாண்டுனா நம்ம வீடுன்னு சொல்லுங்க!”

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்து, வழக்கமான சிரிப்போடு, “ஸ வா, மதாம்?” என்றார். மரகதம் அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “என்ன தம்பி, எடுத்த எடுப்புல சாவான்னு கேக்குறாங்க?”

“சுகமான்னு கேக்குறாங்கம்மா.”

“அடக் கடவுளே! அதுக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்குன்னு சொல்லுங்க” என்று அவர் குலுங்கிச் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார். “மெர்சி” சொல்கிறார், அதாவது நன்றி, என்றேன். அவருடைய வார்த்தையை நான் மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா நேர்மையானவர். கால் மணி நேரம் விளக்கினார். வழக்கமான மருந்துகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, இது புதிது, கேட்குமா என்று யாருக்கும் தெரியாது, மனித உடம்பு எந்த அளவுவரை தாங்கும் என்பதைத்தான் இப்போது பார்க்கிறோம், சிறிதாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுவோம், வேண்டாம் என்றால் எந்த நிமிடமும் நிறுத்தலாம் என்றார். நான் அதையெல்லாம் சுருக்கி, “புது மருந்தும்மா. எங்க லேப்ல நல்லாக் கேக்குது. கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுவாங்க. முடியலன்னா சொல்லுங்க, நிறுத்திடலாம்” என்றேன். கேட்டது எலிகளுக்கு என்று சொல்லவில்லை. தாங்கும் அளவைப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வார்டில் இதற்கெல்லாம் கையெழுத்து வாங்கியதில்லை, வாய்வார்த்தைதான். “நீங்க இருக்கீங்கல்ல தம்பி, நீங்க சொன்னாச் சரி” என்றார் மரகதம் அம்மாள். மகனிடமும் அப்படியே சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவரிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டு, ஒரு தாளில் குறிப்பது என் பொறுப்பு. தாளில் மூன்று கட்டங்கள். பிர் என்றால் நேற்றைவிட மோசம். பரேய் என்றால் அப்படியேதான். மியூ என்றால் தேவலாம். ஒன்றில் பெருக்கல் குறி போட வேண்டும். “இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?” என்பேன். “பரவால்ல தம்பி” என்பார். அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை. முதல் நாள் கொஞ்சம் யோசித்துவிட்டு மியூவில் போட்டேன். நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாளைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. அது எங்கள் மருந்து, நான் எலிகளிடம் வளர்த்த மருந்து. அந்த மலர்ச்சி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சொல் எனக்குத் தெரியாதது அல்ல. சிறுவயதில் அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்தபோது அவரோடு வைத்தியசாலைக்குப் போயிருக்கிறேன். கம்பவுண்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பட்டாளத்து விறைப்போடு அப்பா “பரவால்ல” என்றார். கம்பவுண்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பரவால்லன்னா எங்க வலிக்குது?” என்றார். அப்பா அழுதுவிட்டார். எங்கள் பக்கத்தில் பரவால்ல என்பது பதில் இல்லை. எதிரே இருப்பவருக்குத் தொந்தரவு வேண்டாமே என்று வலியை மூடிவைக்கும் மூடி அது. அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் அது திறக்கும். அந்த மருத்துவமனை முழுவதிலும் அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் நான் போனபோது அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. வாய் முழுக்கப் புண், உதட்டை விரிக்க முடியவில்லை. “பரவால்ல தம்பி” என்றார். அதன்பிறகு, “இந்த ஊசி முடிஞ்சா ஊருக்குப் போயிடலாம்ல?” என்றார். போயிடலாம்மா என்றேன். தாளை எடுத்து மியூவில் குறி போட்டேன். இது தெரியாமல் செய்த பிழை என்று இத்தனை வருடங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன், எனக்கே ஏறவில்லை. தெரிந்துதான் போட்டேன். புண்ணையும் ரத்த அணுக்கள் குறைவதையும் டாக்டர்கள் தாங்களே பார்த்தார்கள். ஆனால் நோயாளி தேவலாம் என்கிறாரே என்று அளவைக் கூட்டினார்கள். இரண்டாவது தடவை கூட்டிய பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அந்த அளவு மனித உடம்புக்கு அதிகம் என்பதை அவரை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். பின்னால் குறைந்த அளவில் கொடுத்தபோது சிலருக்கு நன்றாகவே கேட்டது. அதை நினைத்து நிம்மதி அடையலாம் என்றால், அடைய வேண்டியவன் நானா என்று கூசுகிறது.

மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. மகனுக்கும் அதைத் தெரிவித்தேன். மரகதம் அம்மாள் அதில் நான்காவது நோயாளி. பெயர் இல்லை, வயதும் நோயும் மட்டும். இரண்டு பக்கம் தள்ளி ஒரு வரியில், இந்த நோயாளி தமக்குத் தேவலாம் என்றே தொடர்ந்து கூறிவந்தார் என்று இருந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் முழுசாக, எழுத்துப்பிழை இல்லாமல் அச்சாகியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கட்டுரையை எடுத்துவந்தேன். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி நெரவிக்குப் போனேன். வயல்களில் குறுவை பால் பிடித்திருந்தது. மரகதம் அம்மாளின் மகள் வசந்தா எனக்கு நாற்காலி போட்டு, காபி கொண்டுவந்து வைத்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் என்று என்னைப் பற்றி அண்ணன் சொல்லியிருந்தானாம்.

“அம்மாவப் பத்தி பிரெஞ்சு புஸ்தகத்துல வந்திருக்குன்னு அண்ணன் சொன்னுச்சு. கொண்டாந்திருக்கீங்களா? பேரு எங்க இருக்கு?”

“பேரு போட மாட்டாங்கம்மா.” அந்த வரியை விரலால் காட்டினேன். “இதுதான் உங்க அம்மா.”

“என்னங்க எழுதியிருக்கு?”

பிரெஞ்சிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவர என்னிடம் ஒரு சொல்தான் இருந்தது. “பரவால்லன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கு.”

வசந்தா அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். “அது அப்புடித்தான் சொல்லும். தாங்க முடியாமப் போனாத்தான் எங்கம்மா பரவால்லன்னு சொல்லும்” என்றார். சொல்லி முடித்ததும் அவர் கை அங்கேயே நின்றது. “அவங்களுக்கு எப்புடிங்க தெரியும், நம்ம பேச்சு? யாரு எடுத்துச் சொன்னா?”

“நான்தாம்மா. தேவலாம்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அவர் கட்டுரையை மடித்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு காபி டம்ளரைத் தொட்டுப் பார்த்து, “ஆறிப்போச்சு” என்றார்.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

“பரவால்லங்க” என்றார் வசந்தா.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வி கேட்கும் ஊர் அது. நான் பிறந்த ஊர். கேட்பதற்குத்தான் வாயைத் திறந்தேன். வந்த சொல் “மெர்சி”.