பசியைக் கேட்டு ஜெபித்தோம்

சபையார் எல்லோருக்கும் என் அன்பு. சாப்பிட்டீர்களா? சிரிக்காதீர்கள். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் வருகிற இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு காலத்தில் பயந்து ஒளிந்தேன். அந்தப் பயத்திலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சுனாமி வந்ததற்கு மறு வருடம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, கல்லூரி அணியில் நீண்ட தூர ஓட்டக்காரி. முதலியார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் சைக்கிள் மிதித்து பீச் ரோடுக்குப் போய் ஓடுவேன். வாராவாரம் எங்கள் கோச் பெண்களை வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பார். "வெயிட்டு கொறஞ்சா கால் தானா பறக்கும்மா" என்பார். கெட்ட எண்ணம் கிடையாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். முதலில் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு குறைப்பது மட்டுமே வேலை என்று ஆகிவிட்டது. ஆரம்பத்தில் வேகம் கூடியது, எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் முடி கொட்டியது. மாதவிலக்கு நின்றது. வெயிலிலும் குளிர் எடுத்தது. அம்மா கேட்டால் "பிராக்டிஸ்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கால் எலும்பில் விரிசல், இதயமும் பலவீனம் என்றார்கள். டாக்டரம்மா என் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "இது அடம் இல்லம்மா, நோய். இப்படியே போனா உசுருக்கே ஆபத்து."

பயந்தேன். ஆனாலும் சாப்பிட முடியவில்லை. தட்டில் சோறு இருக்கும், கை போகாது. அம்மா கெஞ்சுவாள், அழுவாள். நானும் அழுவேன். சோறு அப்படியே ஆறிப்போகும். என் வயிறு பசி என்பதையே மறந்துவிட்டது. செத்துப்போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்த வழி உபவாச ஜெபம். நம் சபையில் காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் தள்ளிப்போனாலும் வெள்ளிக்கிழமை உபவாசம்தானே! சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுப்பே பற்ற வைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று ஒரே நிம்மதி. யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லாத கூட்டம் வேறு எங்கே கிடைக்கும்?

பாஸ்டரம்மா உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். நடுவில் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். ஜெபம் நின்றது.

"ஏங்க, நாம பட்டினி கெடந்தா இந்தப் புள்ளைக்கு எப்டிங்க பசி வரும்?" என்றார். "போதும், எந்திரிங்க. ஜெசி அம்மா, அரிசியக் களையுங்க."

"இன்னைக்கு உபவாசமாச்சே!" என்று அம்மா திகைத்தாள்.

"ஆண்டவர் கோச்சிக்க மாட்டாருங்க. நான் பேசிக்கிறேன்."

பக்கத்து வீட்டு அக்கா மீன் குழம்பு கொண்டுவந்தார். வட்டமாக உட்கார்ந்தோம். "யாரும் புள்ள தட்டப் பாக்காதீங்க, அவங்கவங்க தட்டப் பாருங்க" என்று பாஸ்டரம்மா உத்தரவு போட்டார். பிறகு, "ஆண்டவரே, இவளுக்கு மெடல் வேணாம். பசியைக் கொடும்" என்று மட்டும் ஜெபித்தார். அவர்கள் மாவு விலையையும் மருமகளையும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். நானும் நாலு வாய் சாப்பிட்டேன். எனக்குள் யாரோ கை பிடித்தது போல் இருந்தது.

அன்று முதல் வெள்ளிக்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில் சாப்பாட்டோடுதான் நடந்தது. டாக்டரம்மா மருந்து கொடுத்தார், மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். ஒரு நாளும் தவறாமல் போனேன். சில வாரம் தேறுவேன், சில வாரம் பின்வாங்குவேன். யாரும் திட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோச்சும் வந்தார். அவர் நம் சபைக்காரர் இல்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது, "எடை மெஷினத் தூக்கிப் போட்டுட்டேம்மா. ஓட்டம் எங்கயும் போவாது. நீ இருந்தா போதும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மாதங்கள் போயின. ஒரு மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பேக்கரியில் பன் சூடாக இறக்கினார்கள். அந்த வாசனைக்கு என் வயிறு இரைந்தது. நின்றுவிட்டேன். மறுபடியும் இரைந்தது! வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, பசிக்குது" என்றேன்.

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே முழங்கால் போட்டாள். ஸ்தோத்திரம் சொல்லப் போய் அழுதுவிட்டாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "முட்டை ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டாள்.

ரெண்டு என்றேன்.

இன்று ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய மெடல் எதுவும் வாங்கவில்லை. ஆனால் வேளாவேளைக்குப் பசிக்கிறது. ஒவ்வொரு முறை பசிக்கும்போதும் நன்றி ஆண்டவரே என்கிறேன்.

உங்கள் வீட்டில் சாப்பிடாமல் வாடும் பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆண்டவரை நம்பி ஜெபம் பண்ணுங்கள், அவர் கேட்பார். ஆமென் சொன்னதும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.