கொடியேற்றிய கையோடு ஒரு சோலார் பேனல்

எங்கள் மயிலாப்பூர் அடுக்ககத்தில் எந்த முடிவானாலும் குடியரசு தினத்தன்றுதான். மற்ற நாளில் கூட்டம் போட்டால் செயலாளர் மாமா மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு மொட்டைமாடியில் கொடியேற்றியதும் ஜாங்கிரி உண்டு, அதனால் ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்துவிடும். இந்தக் கூறுகெட்ட வழக்கத்தால்தான் சோலார் விஷயமும் அன்றைக்கு வந்து மாட்டிக்கொண்டது.

எனக்கு அது விளையாட்டு இல்லை. மூன்றாம் மாடியில் என் அப்பா, டயாலிசிஸ் தப்பாமல் போயாக வேண்டியவர். கரன்ட் போனால் லிப்ட் நிற்கும். கிழட்டு ஜெனரேட்டர் மனசு வைத்தால் ஓடும். சோலாரும் பாட்டரியும் போட்டுவிட்டால் கவலை விட்டது என்று நாயாய் அலைந்து, வேளச்சேரியிலிருந்து ஒரு விற்பனைக்காரரைப் பிடித்து வந்திருந்தேன்.

அவர் மாதிரிக்கு ஒரு பேனல் கொண்டுவந்திருந்தார். செயலாளர் மாமா அதைக் குப்புறத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னால் ஒட்டியிருந்த நாட்டின் பெயரைப் படித்தார். சட்டையில் மூவர்ணம் குத்தியிருந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே!

"எல்லையில நம்ம பசங்க நின்னுண்டிருக்கா. எதிர்ல நிக்கறவா பேனலை நாம தலைமேல வெச்சுக்கறதா?"

"நம்ம நாட்டுப் பேனலும் கீது சார்," என்றார் விற்பனைக்காரர். "ஆனா ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. லேட்டாவும்."

"ஆகட்டுமே. தேசம் முக்கியம்."

"அதுவரைக்கும் ஜெனரேட்டர்ல ஊத்தற டீசல் எங்கே விளையறது மாமா, தஞ்சாவூர்லயா?" என்று கேட்டேன். ஜாங்கிரி மென்றுகொண்டிருந்த மொத்தக் கூட்டமும் என்னைத் தேசத்துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"காத்திருக்கலாம்கறவா கை தூக்குங்கோ," என்றார் மாமா.

முதலில் எழும்பிய கை எங்கள் அப்பாவுடையது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அதே கை. அதைப் பார்த்து மற்ற கைகளும் எழும்பின.

அந்தச் சித்திரையில், டயாலிசிஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கரன்ட் போயிற்று. ஜெனரேட்டர் இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வாட்ச்மேனும் நானும் செயலாளர் மாமாவுமாகப் படியில் இறக்கினோம். மாமாவைச் சும்மா சொல்லக்கூடாது, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. நாற்காலியைக் கீழே வைத்தோம்.

"கவலைப்படாதீங்கோ அண்ணா," என்று மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டே அப்பாவைத் தேற்றினார். "நம்ம தேசத்துப் பேனல் கட்டாயம் வந்துடும்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் துளிக்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

"வரும்டா, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. வர்றப்போ நான் இருக்கணுமே."