லெமனேட் 51-க்கு விட்டுக்கொடுத்த வியாழக்கிழமை

மெல்ஹெம் சூதாடி இல்லை என்று அவன் மாமியார்கூட ஒப்புக்கொள்வாள். சூதாடிக்கு நேரம் காலம் கிடையாது, இவனுக்கு உண்டு. மதியம் இரண்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தால் ஆறு மணிக்கு எழுந்துவிடுவான். ஜெயித்தாலும் ஆறு, தோற்றாலும் ஆறு. அன்றைக்கென்று ஒதுக்கிய பணம் போய்விட்டால், மணி இரண்டரையே ஆகியிருந்தாலும் மூடி வைத்துவிட்டுத் தக்காளி வாங்கக் கிளம்பிவிடுவான். கோபமாக இருக்கும் நாளில் உட்காரவே மாட்டான்.

வேலை பார்த்த விளம்பரக் கம்பெனி மூடியது. சேமிப்பை வங்கி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. பெய்ரூட்டில் அந்த வருஷம் எல்லோருக்கும் நடந்ததுதான். இணையத்துப் போக்கரில் வந்த டாலர் மட்டும் கைக்கு வந்தது. மனைவி லமீஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உள்நாட்டு லீராவில் வரும் அவள் சம்பளம் வெயிலில் வைத்த ஐஸ்கட்டி.

இரண்டாம் வருஷம் நாலு மாதம் தொடர்ந்து தோற்றான். சரியாக ஆடினான், சரியாகவே தோற்றான். அன்றன்றைய ஆட்டத்தை மறுநாள் காலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான். தப்பு ஒன்றும் தெரியாது. அதுதான் கொடுமை. “உன் ஆபீஸ்ல நாலு மாசமா நீதான் முதலாளிக்குச் சம்பளம் குடுக்கற” என்றாள் லமீஸ். விட்டதைப் பிடிக்கப் பெரிய மேஜைக்குத் தாவாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஐந்தாம் மாதம் சீட்டு திரும்பியது.

அவன் ஒழுங்கில் பாதி சீட்டில் இல்லை, மேஜையைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் நடுவே போய் வீரம் காட்டக் கூடாது. ஆட்டம் தெரியாத ஒருவன் இருக்கும் மேஜையாகப் பார்த்து உட்கார வேண்டும். அந்தத் தொழிலில் அப்படிப்பட்டவனுக்கு மீன் என்று பெயர். மெல்ஹெமுக்குப் பத்தொன்பது மாதமாக ஒரு நல்ல மீன் இருந்தது. லெமனேட் 51 என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது. எந்த நாட்டு ஆள் என்று அந்தப் போக்கர் இணையதளம் காட்டாது. இரண்டு ராஜா வந்தால் மொத்தத்தையும் பந்தயத்தில் தள்ளும், ஒன்றுமே வராவிட்டாலும் தள்ளும். மெல்ஹெமின் கணக்குப்படி அந்த ஒரு மீனிடமிருந்து மட்டும் நாலாயிரம் டாலர் வந்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அரசாங்கக் கரண்ட் போய்த் தெரு ஜெனரேட்டர் பிடித்தது. வழக்கம்போல விளக்கு கண் சிமிட்டியது. இன்வெர்ட்டர் இருந்ததால் மெல்ஹெமின் ஆட்டம் நிற்கவில்லை. அதே நொடியில் லெமனேட் 51 தொடர்பு அறுந்து மேஜையிலிருந்து காணாமல் போனது. நாலு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தது. இது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. ஆனால் அன்றைக்குத்தான் விளக்கையும் மேஜையையும் அவன் சேர்த்துப் பார்த்தான்.

மறுநாள் கரண்ட் போனதும், நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஆட்டத்தின் நடுவே எழுந்தான். மீன் இதே கட்டடத்தில் இருந்தால், இங்கே இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் யார் யார் என்று நினைத்தபடியே படியேறினான். மேல்மாடியில், எல்லோரும் மரியாதையாக உஸ்தாத் என்று கூப்பிடும் ஷுக்ரியின் வீட்டுக் கதவு காற்றுக்காகத் திறந்து கிடந்தது. ஸ்டூலில் ஏறி நின்று மோடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். “ரெண்டு ராஜா கையில இருக்கும்போதா போய்த் தொலையணும்?” என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் மடிக்கணினி. திரையில் பச்சை மேஜை. நாலாவது இருக்கையில் லெமனேட் 51.

ஷுக்ரி ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். அவர் பணமும் அவர் வேலை பார்த்த வங்கியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. மனைவி இல்லை. மாண்ட்ரியாலில் இருக்கும் மகள் ஹனாதி மாதா மாதம் நானூறு டாலர் அனுப்புவாள். துறைமுகம் வெடித்த நாளிலிருந்து லமீஸ் இரண்டு நாள் ஆஸ்பத்திரியை விட்டு வர முடியாமல் இருந்தபோது, இவர்கள் வீட்டுக் கண்ணாடித் தூளையெல்லாம் மண்டியிட்டுக் கூட்டி அள்ளியவர் அவர்தான்.

நியாயமாக ஆடி எடுத்த பணம்தானே என்று மெல்ஹெம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். காலையில் சொன்னால் மதியம்வரை தாங்கியது. அவர் இருக்கும் மேஜையில் உட்காராமல் ஒரு வாரம் ஒதுங்கினான். ஒதுங்கி நின்று பார்த்தால், மற்றவர்கள் அவரை இன்னும் வேகமாகத் தின்றார்கள்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை. இரண்டிலிருந்து ஆறுவரை அவர் மேஜையில் உட்கார்ந்து நல்ல சீட்டை வீசி எறிந்தான், குப்பைச் சீட்டுக்குப் பணம் கட்டினான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர் மேல்மாடிக்குப் போனது. எழுந்தபோது பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை உஸ்தாத் ஷுக்ரி கட்டடம் முழுக்கக் கினாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வாசலில் தட்டை நீட்டி, ஆட்டம் இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது என்று லமீஸிடம் சொன்னாராம். மெல்ஹெம் ஒரு வாயோடு தட்டை நகர்த்தி வைத்தான்.

திங்கட்கிழமை இரண்டு பேரின் போக்கர் கணக்கையும் அந்தத் தளம் முடக்கியது. ஜெனரேட்டர்க்காரனேதான் தெருவுக்கு இணையமும் கொடுக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் தெரு முழுக்க ஒரே வீடு. ஒரே இணைப்பில் இரண்டு பேர் ஆடுவது குற்றமில்லை, ஒருவன் மற்றவனுக்கு வாரிக் கொடுப்பதுதான் குற்றம். அது தெரியாதவனா மெல்ஹெம்? குற்றவுணர்ச்சியில் உட்காரக் கூடாது என்று மட்டும் அவன் விதி எழுதி வைத்திருக்கவில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு ஷுக்ரி மடிக்கணினியோடு இறங்கி வந்தார். எவனோ ஒரு திருட்டுப் பயலோடு தன்னைச் சேர்த்துவிட்டார்கள் என்றார். தனக்குப் பிரெஞ்சு வரும், இந்தக் கம்பெனிக்காரனோ இங்கிலீஷில்தான் கேட்கிறான். நீதான் நல்லா எழுதுவே, ஒரு கடிதம் எழுதிக் கொடு என்றார்.

மெல்ஹெம் காப்பி போட்டான். பிறகு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அந்தத் திருட்டுப் பய நான்தான், உஸ்தாத்.”

அவர் முதலில் சிரித்தார். பத்தொன்பது மாதக் கதையையும் அவன் சொல்லி முடித்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. கத்துவார் என்று காத்திருந்தான். கத்தியிருந்தால் தேவலை.

“என்கிட்ட எடுத்தியே, அது ஆட்டம்” என்றார். “நானும் உன் பணத்தை எடுக்கத்தான் உட்கார்ந்தேன். எனக்கு வரல, உனக்கு வந்துச்சு. அதுக்கு உன்மேல வருத்தமில்ல தம்பி. ஆனா வியாழக்கிழமை நீ குடுத்தது பிச்சை. நான் கேட்டனா?”

“இல்ல, உஸ்தாத்.”

“பிச்சைன்னு தெரியாம ஊருக்கே கினாஃபா குடுத்திருக்கேன்.”

மெல்ஹெம் கடிதத்தை எழுதினான். தானே வேண்டுமென்று தோற்றதாகவும், எதிரில் இருந்தவருக்கு அது தெரியாது என்றும் எழுதினான். இது போனால் அவர் கணக்கு திறக்கும், அவன் கணக்கு இனித் திறக்கவே திறக்காது. லமீஸுக்கு என்ன சொல்வது என்று யோசிக்காமலே அனுப்பினான். இதோடு தீர்ந்தது என்று நினைத்தான்.

ஷுக்ரி எழுந்திருக்கவில்லை.

“ஹனாதிக்குப் போன் பண்ணி ஜெயிச்சதைச் சொன்னேன்” என்றார். “இனிமே பணம் அனுப்ப வேண்டாம், அப்பன் சம்பாதிக்கறான்னு சொல்லிட்டேன். அவ அழுதுட்டா, சந்தோஷத்துல. பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போடணும்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தாளாம். எனக்கு அனுப்பற நானூறை அன்னிக்கே அதுக்குக் கட்டிட்டா.”

அவர் தன் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவன் பக்கம் தள்ளினார்.

“நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு.”

மாண்ட்ரியாலில் காலை பத்து மணி. நாலாவது தடவை மணி அடித்தபோது ஹனாதி எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

“பாபா? இன்னிக்கும் ஜெயிச்சீங்களா?”