சிவப்பு ஒட்டிய சுவிட்ச்

எந்த அறைக்குள் நுழைந்தாலும், கரண்ட் பொறுப்பைப் பார்ப்பதால் எல்லாரும் ‘கரண்டக்கா’ என்று கூப்பிடும் அந்த அக்கா முதலில் மேசைக்கு அடியில்தான் குனிந்து பார்ப்பார். திருட்டு ஒயர் எதுவும் ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு வணக்கம்.

அந்த மருந்துத் தொழிற்சாலை வளாகத்துக்கென்று சொந்தமாக ஒரு குட்டி மின்சார ராஜ்ஜியம் உண்டு. வண்டிக் கொட்டகையின் கூரையில் சூரியத் தகடுகள், பக்கத்திலேயே பேட்டரி அறை. வெளி மின்சாரம் நின்றால் வளாகம் தன் கையிருப்பில் ஓடும். கையிருப்பு எல்லாருக்கும் போதாது. அதனால் ஒவ்வொரு சுவிட்ச்சிலும் அக்கா ஒரு நிறம் ஒட்டியிருக்கிறார். பச்சை முதலில் அணையும், மஞ்சள் பிறகு, சிவப்பு அணையவே கூடாது. மருந்துகள் இருக்கும் குளிர் அறை சிவப்பு. அக்காவின் மின்விசிறி பச்சை.

சிபாரிசுக்கு வராத ஆளில்லை. “எங்க ஃபேன மட்டும் சிவப்புல போடுங்கக்கா” என்று பேக்கிங் பெண்கள் கெஞ்சுவார்கள். “உனக்குப் போட்டா அவளுக்கும் போடணும். எல்லாரும் சிவப்பாயிட்டா அப்புறம் எல்லாருக்கும் இருட்டுதான்” என்பார். மேகத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘சம்பந்தி’. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்குமாம்.

இதைப் பார்த்து எழுத நான் போன அன்று அந்த ராஜ்ஜியத்துக்குப் பரீட்சை. பன்னிரண்டு மணிக்கு வெளி மின்சாரத்தை அக்காவே துண்டித்தார். நாலு மணி வரை குளிர் அறை தாக்குப்பிடித்தால், புகை கக்கும் இரண்டு டீசல் ஜெனரேட்டர்களையும் அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பு காட்சிப்பொருள்தான். நிர்வாகம் தந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

இரண்டே காலுக்குச் சம்பந்தி வந்தார். அது கணக்கில் இருந்தது. கணக்கில் இல்லாதது, பேட்டரி கடகடவென்று இறங்கியதுதான்.

“சிவப்பு லைன்ல மணிக்கு இருபது யூனிட்டுதானே இழுக்கணும்? இருபத்தாறு காட்டுதே. இப்படியே போனா மூணே முக்காலுக்குப் படுத்துடும் தங்கச்சி” என்றார், ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும் ஃபிட்டர்.

“ஆறா கூடுது?”

“ஆறு.”

அக்கா எந்த மேசைக்கடியிலும் குனியவில்லை. முகம் வெளிறியிருந்தது. நேராக மாடியேறி மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அறை ஜில்லென்று இருந்தது.

“சார், உங்க ஏசியும் மீட்டிங் ஹால் ஏசியும் சிவப்புல இருக்கு. அணைக்கணும்.”

“சிவப்புலயா? யாரு போட்டது?”

“நான்தான் சார். மூணு வருஷம் முன்னாடி. நீங்க கேக்கக்கூட இல்ல. வேலை புதுசு, பயம். சிவப்புப் பட்டியல்லயும் எழுதல.”

“அத்தன பேருக்கும் முடியாதுன்னு சொன்னீங்களே?”

“அவங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது.” சுவிட்ச் பக்கம் போனார். “இன்னைக்கு நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க, ஏசி ஓடாதுன்னுதான் இந்தத் தேதிய வாங்கினேன்.”

“உங்க பரீட்சையப் பாக்கணும்னுதான் பயணத்த ரத்து பண்ணேன்” என்றார் மேனேஜர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அக்கா அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே சுவரில் இருந்த இரண்டு ஏசி சுவிட்ச்சையும் அணைத்தார். சத்தம் நின்றது. கைப்பேசியில் ஃபிட்டர் கூப்பிட்டார்: “இருபதுக்கு வந்துடுச்சு தங்கச்சி. நாலு மணி அஞ்சு நிமிஷம் வரைக்கும் தாங்கும்.”

அக்கா மூச்சு விட்டார். திரும்பிப் பார்த்தால் மேனேஜர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். வருடக்கணக்கில் திறக்காத அந்த அறையின் ஜன்னலை, பெயின்ட் உதிர உதிர, உள்ளங்கையால் குத்தித் திறந்துவிட்டார்.